வாகன நிறுத்தக் கட்டணம் ஒரே நாளில் இரட்டிப்பாவது எப்படி? கருவிக்குப் பின்னால் உள்ள கட்டண வகைப்பாடு: ஒரு விளக்கம்

புதுதில்லி: குளிர்காலம் தொடங்கி காற்றின் தரம் மோசமடையும்போது, தில்லியின் சில வாகன நிறுத்துமிடங்களில் ஒரு மணி நேரத்துக்கு ரூ.20 ஆக இருந்த கார் கட்டணம் ரூ.40 ஆக உயர்கிறது. அறிவிப்பு ஒரு பக்க உத்தரவாக வெளியாகிறது. ஆனால், அந்த உத்தரவு நிறுத்துமிட ஊழியரின் கையில் உள்ள சிறிய கருவியில் சரியான தொகையாக மாறுவதற்கு, எங்கோ ஓர் அலுவலகத்தில் ஒருவர் கணினி முன் அமர்ந்து பல கேள்விகளுக்கு விடை கண்டாக வேண்டும். எந்த வாகனத்துக்கு, எந்த இடத்தில், எந்த நேரத்திலிருந்து, யாருக்கு விலக்கு என்ற அந்தக் கேள்விகளில் ஒன்றுக்குத் தவறான விடை பதிவானாலும், பொதுமக்கள் கூடுதல் பணம் செலுத்த நேரிடும் அல்லது உத்தரவின் நோக்கமே வீணாகிவிடும்.

வாகன நிறுத்துமிடங்களில் கட்டணம் வசூலிக்கும் கருவிகளை இயக்கும் பின்னணி மென்பொருளில், 'கட்டண வகைகள்' எவ்வாறு அமைக்கப்படுகின்றன, அவற்றில் எங்கெல்லாம் பிழைகள் நேர்கின்றன என்பதை இந்தக் கட்டுரை விளக்குகிறது.

ஓர் உத்தரவு, பல வகைகள்

தலைநகர்ப் பகுதியில் காற்று மாசைக் கட்டுப்படுத்த, காற்றுத் தர மேலாண்மை ஆணையம் 'கிராப்' எனப்படும் படிநிலைச் செயல்திட்டத்தை நடைமுறைப்படுத்துகிறது. காற்றுத் தரக் குறியீடு 301 முதல் 400 வரையிலான 'மிக மோசம்' என்ற பிரிவை எட்டும் நிலைக்கு, இத்திட்டத்தின் இரண்டாம் கட்டக் கட்டுப்பாடுகள் வகுக்கப்பட்டுள்ளன. தனியார் வாகனப் பயன்பாட்டைக் குறைக்கும் வகையில் நிறுத்தக் கட்டணத்தை உயர்த்துவது அக்கட்டுப்பாடுகளில் ஒன்றாகும்.

இதன்படி, 2024 அக்டோபரில் இரண்டாம் கட்டக் கட்டுப்பாடுகள் அமலுக்கு வந்தபோது, புதுதில்லி நகராட்சி மன்றம் தான் நிர்வகிக்கும் நிறுத்துமிடங்களில் கட்டணத்தை இரட்டிப்பாக்கியது. எனினும், சாலையோர நிறுத்துமிடங்களுக்கும் மாதாந்திர பாஸ் வைத்திருப்போருக்கும் இந்த உயர்வு பொருந்தாது என அறிவிக்கப்பட்டது.

செய்தியாக வாசிக்கும்போது இது எளிமையாகத் தோன்றுகிறது. ஆனால், மென்பொருளில் கட்டணம் அமைப்பவரின் பார்வையில் இது ஒரே கட்டளை அல்ல. சாலையோர இடத்தையும் சாலைக்கு வெளியே உள்ள இடத்தையும் ஒரே கட்டண வகையின் கீழ் ஏற்கெனவே பதிவு செய்திருந்தால், முதலில் அவற்றைப் பிரிக்க வேண்டும். மாத பாஸ் வாகனங்கள் தனி வகையாக இல்லாமல், வழக்கமான கட்டணத்தில் 'தள்ளுபடி' பெறுவனவாகப் பதிவாகியிருந்தால், அடிப்படைக் கட்டணம் உயரும்போது அவற்றின் கட்டணமும் தானாகவே உயர்ந்துவிடும். அதாவது, விலக்கு அளிக்கப்பட்டவர்களிடமே உயர்த்தப்பட்ட தொகை கேட்கப்படும்.

கட்டண வகை என்பது என்ன?

பலரும் நினைப்பதுபோல் கட்டண வகை என்பது 'கார் ரூ.20, இருசக்கர வாகனம் ரூ.10' என்ற ஒற்றை வரி அல்ல. அது பல விதிகளின் தொகுப்பு. பொதுவாக அதில் வாகனத்தின் வகை, நிறுத்துமிடம் அல்லது மண்டலம், கிழமை மற்றும் நேரம், கணக்கிடும் அலகு, சலுகை நிமிடங்கள், ஒரு நாளுக்கான உச்சவரம்பு, வரி, விதி நடைமுறைக்கு வரும் தேதி மற்றும் நேரம் ஆகியவை இடம்பெறும்.

ஊழியரின் கையடக்கக் கருவியோ, வணிக வளாகத்தில் நிறுவப்பட்டுள்ள கட்டண இயந்திரமோ இந்த விதிகளைத் தானாக உருவாக்குவதில்லை. மைய சர்வரில் சேமிக்கப்பட்டுள்ள தொகுப்பைப் பதிவிறக்கம் செய்து, வாகனம் நுழைந்த நேரத்தையும் வெளியேறும் நேரத்தையும் அதில் பொருத்தி, தொகையைக் காட்டுகிறது. எனவே, தொகையை ஊழியர் தீர்மானிப்பதில்லை. ஆனாலும், தவறான தொகை திரையில் தோன்றும்போது வாகன ஓட்டியின் கோபத்தை நேரில் எதிர்கொள்பவர் அவர்தான்.

இத்தனை வேறுபாடுகள் தேவைப்படுவதற்குக் கொள்கை அளவிலான காரணமும் உண்டு. நிறுத்தக் கட்டணம், வாகனம் அடைத்துக்கொள்ளும் நிலத்தின் உண்மையான மதிப்பைப் பிரதிபலிக்க வேண்டும் என 2006ஆம் ஆண்டின் தேசிய நகர்ப்புறப் போக்குவரத்துக் கொள்கை கூறுகிறது. 2019 செப்டம்பரில் அறிவிக்கப்பட்ட தில்லி வாகன நிறுத்துமிடப் பராமரிப்பு மற்றும் மேலாண்மை விதிகள், ஓர் அடிப்படைக் கட்டணத்தை நிர்ணயித்து, இடத்தையும் நேரத்தையும் பொறுத்து அதை மாற்றியமைக்கும் முறையை முன்வைத்தன. இத்தகைய கொள்கை நடைமுறைக்கு வர வேண்டுமெனில், ஒரே தொகையை எல்லோரிடமும் வசூலிக்கும் பழைய அச்சிட்ட சீட்டு முறை போதாது.

வாகனத்தை அடையாளம் காணும் சிக்கல்

கட்டணம் சரியாக இருக்க, வாகனத்தின் வகை சரியாகத் தெரிய வேண்டும். ஊழியர் கருவியில் பொத்தானை அழுத்தித் தேர்ந்தெடுக்கும் இடங்களில் மனிதப் பிழைக்கு வாய்ப்புண்டு. தானியங்கி முறைகளில் வேறு விதமான பிழைகள் உள்ளன.

சுங்கச்சாவடிகளுக்காக அறிமுகமான ஃபாஸ்டேக், தற்போது பல நிறுத்துமிடங்களிலும் பயன்படுகிறது. ஒவ்வொரு ஃபாஸ்டேக்கிலும் வாகன வகைக்கான எண் பதிவாகியிருக்கும். கார், ஜீப், வேன் ஆகியவை 4ஆம் வகையைச் சேர்ந்தவை. டாடா ஏஸ் போன்ற சிறிய சரக்கு வாகனங்களுக்கு 20ஆம் வகை ஒதுக்கப்பட்டுள்ளது. நிறுத்துமிட மென்பொருளில் 4ஆம் வகைக்கு மட்டும் கட்டணம் பதிவு செய்து, 20ஆம் வகையை விட்டுவிட்டால், அந்தச் சரக்கு வாகனம் உள்ளே நுழைந்த பின் எந்த விதிக்கும் பொருந்தாமல் நிற்கும். அப்போது மென்பொருள் 'இயல்பு வகை' என்று குறிக்கப்பட்ட விதியைக் கையில் எடுக்கும். அந்த இயல்பு வகை எது என்பதை அமைத்தவர் யோசித்து வைத்திருந்தால் சரி. இல்லையெனில், வாகனம் இலவசமாக வெளியேறலாம் அல்லது பேருந்துக்கான கட்டணத்தைச் செலுத்த நேரிடலாம்.

இருசக்கர வாகனங்களுக்கு ஃபாஸ்டேக் கிடையாது. எனவே, அவற்றுக்கு வேறு வழி தேவை. தில்லி மெட்ரோ ரயில் நிறுவனம், தேசிய பணப் பரிவர்த்தனைக் கழகத்துடன் இணைந்து 2021 ஜூலையில் காஷ்மீரி கேட் நிலையத்தில் ஃபாஸ்டேக் மற்றும் யுபிஐ வழி நிறுத்துமிடத்தைத் தொடங்கியது. 55 நான்கு சக்கர வாகனங்களையும் 174 இருசக்கர வாகனங்களையும் நிறுத்தும் வசதி கொண்ட அந்த இடத்தில், கார்களுக்கு ஃபாஸ்டேக் வழியே கட்டணம் பெறப்பட்டது. இருசக்கர வாகன ஓட்டிகள் மெட்ரோ ஸ்மார்ட் கார்டைக் காட்டி உள்ளே செல்லலாம். எனினும், அந்த அட்டை நேரத்தைப் பதிவு செய்ய மட்டுமே பயன்பட்டது; பணம் யுபிஐ மூலம் செலுத்தப்பட்டது.

கட்டணம் அமைப்போர் கவனிக்க வேண்டிய முக்கியமான வேறுபாடு இது. வாகனத்தை அடையாளம் காட்டும் சாதனமும், பணம் செலுத்தும் சாதனமும் ஒன்றாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. இரண்டையும் மென்பொருளில் ஒரே புலமாக வைத்தால், நேரத்தைப் பதிவு செய்ய மட்டும் காட்டப்பட்ட அட்டையிலிருந்து பணம் கழிக்க முயலும் நிலை உருவாகும்.

மின்சார வாகனங்களுக்குச் சலுகை அளிக்க விரும்பும் இடங்களில், பச்சை நிற எண் பலகை உதவுகிறது. 2018 முதல் மின்கல வாகனங்களுக்குப் பச்சைப் பின்னணி கொண்ட பலகை நடைமுறையில் உள்ளது. ஆனால், எண்ணை மட்டும் வாசித்து நிறத்தைப் பதிவு செய்யாத கேமராவுக்கு, அந்த வாகனம் சாதாரணக் காராகவே தெரியும்.

மூன்று நிமிடத்துக்கு ஒரு மணி நேரம்

ஒரு கார் காலை 10.00 மணிக்கு நுழைந்து 11.03 மணிக்கு வெளியேறுகிறது என வைத்துக்கொள்வோம். கட்டணம் மணிக்கு ரூ.20. கணக்கிடும் அலகு ஒரு மணி நேரம் எனவும், பகுதி நேரத்தை முழு மணியாகக் கொள்ள வேண்டும் எனவும் விதி இருந்தால், தொகை ரூ.40. ஐந்து நிமிடச் சலுகை சேர்க்கப்பட்டிருந்தால் ரூ.20. கணக்கிடும் அலகு அரை மணி நேரமாகவும் அதற்கு ரூ.10 எனவும் இருந்தால் ரூ.30. அறிவிப்புப் பலகையில் 'மணிக்கு ரூ.20' என்று மட்டுமே எழுதப்பட்டிருக்கும் நிலையில், இந்த மூன்று தொகைகளுமே அதற்கு முரணானவை அல்ல. எதைப் பின்பற்றுவது என்பதை ஒப்பந்தமோ, உத்தரவோ தெளிவாகக் கூற வேண்டும். கூறாதபோது, அந்த முடிவு மென்பொருளில் அமைப்பவரின் கைக்குப் போய்விடுகிறது.

சலுகை நிமிடங்களிலும் இரண்டு வகை உண்டு. ஒருவரை இறக்கிவிட்டு உடனே வெளியேறும் வாகனத்துக்கு அளிக்கப்படும் இலவச நிமிடங்கள் ஒருவகை. வணிக வளாகத்தின் உள்ளே உள்ள இயந்திரத்தில் முன்கூட்டியே பணம் செலுத்திவிட்டு, காரை எடுத்து வெளிவாயிலை அடைவதற்கான நிமிடங்கள் மற்றொரு வகை. இரண்டாவது நேரத்தை மிகக் குறைவாக வைத்தால், பணம் செலுத்திய பின்னும் வெளிவாயில் நெரிசலில் சிக்கிய வாகனத்திடம் மீண்டும் பணம் கேட்கப்படும்.

நாள் ஒன்றுக்கான உச்சவரம்பிலும் இதே போன்ற குழப்பம் உண்டு. மணிக்கு ரூ.20, நாளுக்கு அதிகபட்சம் ரூ.100 என்ற விதியில், ஒரு கார் இரவு 10 மணிக்கு நுழைந்து காலை 6 மணிக்கு வெளியேறுகிறது. 'நாள்' என்பது நுழைந்த நேரத்திலிருந்து 24 மணி நேரம் எனக் கொண்டால், எட்டு மணி நேரத்துக்கான தொகை ரூ.100. 'நாள்' என்பது நள்ளிரவுக்கு நள்ளிரவு எனக் கொண்டால், முதல் இரண்டு மணி நேரத்துக்கு ரூ.40, அடுத்த ஆறு மணி நேரத்துக்கு உச்சவரம்பான ரூ.100 என மொத்தம் ரூ.140. ஒரே கார், ஒரே இரவு. ஒரு புலத்தின் மாற்றத்தால் ரூ.40 வேறுபாடு.

உச்சவரம்பை மறந்தால் என்ன ஆகும்?

கட்டணத்தை இரட்டிப்பாக்கும்போது பெரிதும் கவனம் தேவைப்படும் இடம் இதுதான். மேற்கண்ட எடுத்துக்காட்டில், மணிக் கட்டணத்தை ரூ.40 ஆக மாற்றிவிட்டு, உச்சவரம்பை ரூ.100 ஆகவே விட்டுவிட்டால், மூன்றாவது மணி நேரத்திலேயே உச்சவரம்பு எட்டப்படும். அரை மணி நேரம் மருந்துக்கடைக்கு வந்தவர் இரண்டு மடங்கு செலுத்துவார். காலை ஒன்பது மணிக்குக் காரை நிறுத்தி, மாலை ஆறு மணிக்கு எடுக்கும் அலுவலகப் பணியாளர் முன்பும் ரூ.100 செலுத்தினார், இப்போதும் ரூ.100 தான் செலுத்துவார்.

அன்றாடம் காரில் அலுவலகம் செல்வோரைப் பொதுப் போக்குவரத்துக்கு மாற்றுவதே கட்டண உயர்வின் நோக்கம். உச்சவரம்பு என்ற ஒரே புலம் மாற்றப்படாததால், அந்த நோக்கத்துக்கு உரியவர்கள் மட்டும் உயர்விலிருந்து தப்பிவிடுகின்றனர். இதில் எந்தக் கருவியும் பழுதாகவில்லை. எந்த எச்சரிக்கையும் திரையில் தோன்றாது. எனவே, புகார் எழவும் வாய்ப்பில்லை.

எந்த நொடியில் புதிய கட்டணம்?

புதிய கட்டணம் காலை 8 மணிக்கு நடைமுறைக்கு வருவதாகக் கொள்வோம். 7.30 மணிக்கு நுழைந்து 10.30 மணிக்கு வெளியேறும் காருக்கு எவ்வளவு வசூலிப்பது? இதற்கு மூன்று முறைகள் உள்ளன.

நுழைந்த நேரத்தில் இருந்த கட்டணமே பொருந்தும் என்றால், மூன்று மணி நேரத்துக்கு ரூ.60. வெளியேறும் நேரத்தின் கட்டணம் பொருந்தும் என்றால் ரூ.120. இரண்டையும் பிரித்துக் கணக்கிடுவதே நியாயம் எனத் தோன்றலாம். ஆனால், பகுதி நேரத்தை முழு மணியாகக் கொள்ளும் விதி இருந்தால், பழைய கட்டணத்தில் உள்ள அரை மணி நேரம் ஒரு மணியாகவும், புதிய கட்டணத்தில் உள்ள இரண்டரை மணி நேரம் மூன்று மணியாகவும் மாறும். ரூ.20, ரூ.120 என மொத்தம் ரூ.140 வரும். முழு நேரமும் புதிய கட்டணத்தில் நின்ற காரைவிட, அரை மணி நேரம் பழைய கட்டணத்தில் நின்ற கார் அதிகம் செலுத்தும் வினோதம் இதனால் ஏற்படுகிறது.

வாகன ஓட்டி நுழையும்போது பலகையில் கண்ட கட்டணத்தை நம்பியே காரை நிறுத்துகிறார் என்பதால், நுழைவு நேரக் கட்டணமே விளக்குவதற்கு எளிதான முறையாகும். எதைத் தேர்ந்தாலும் பழைய விதியை அழித்துவிட்டு அதன் மீது புதியதை எழுதக் கூடாது. பழைய விதிக்கு முடிவு நேரமும், புதிய விதிக்குத் தொடக்க நேரமும் குறித்து, இரண்டையும் சர்வரில் வைத்திருக்க வேண்டும். அப்போதுதான் ஆறு மாதங்களுக்குப் பின் வரும் ஒரு புகாருக்கு, அன்றைய கட்டணம் என்ன என்று பதில் கூற முடியும். காற்றின் தரம் மேம்பட்டுக் கட்டுப்பாடுகள் விலக்கிக்கொள்ளப்படும்போது பழைய கட்டணத்துக்குத் திரும்பவும் இது உதவும்.

ஒரு பைசா வேறுபாடு

தனியார் நிறுவனங்கள் நடத்தும் கட்டண நிறுத்துமிடங்களின் சேவைக்கு 18 சதவீத சரக்கு மற்றும் சேவை வரி விதிக்கப்படுகிறது. இதற்கான சேவைக் குறியீட்டு எண் 996743. மறுபுறம், வாகன நிறுத்துமிடங்களை அமைப்பது அரசியலமைப்புச் சட்டத்தின் 12ஆவது அட்டவணையில் நகராட்சிப் பணிகளுள் ஒன்றாகக் குறிப்பிடப்பட்டுள்ளது. எனவே, சேவையை வழங்குவது யார், எந்த ஒப்பந்தத்தின் கீழ் என்பதைப் பொறுத்து வரி அமைப்பு மாறக்கூடும். இதனால், வரி விகிதத்தை மென்பொருள் முழுமைக்கும் ஒரே எண்ணாக வைக்காமல், ஒவ்வொரு கட்டண வகையிலும் தனிப் புலமாக வைப்பது அவசியமாகிறது.

அறிவிக்கப்பட்ட கட்டணம் வரி உள்ளடங்கியதா, வரி நீங்கலானதா என்பதும் பதிவாக வேண்டும். ரூ.40 என்பது வரி உட்பட்ட தொகையாக இருக்க, அதை வரி நீங்கலான தொகையாகப் பதிவு செய்தால், கருவி ரூ.47.20 கேட்கும்.

சிறு தொகைகளில் மற்றொரு சிக்கலும் உண்டு. வரி உட்பட ரூ.20 என்பதைப் பிரித்தால், சேவைக் கட்டணம் ரூ.16.95, வரி ரூ.3.05. மத்திய வரி, மாநில வரி எனச் சமமாகப் பிரிக்கும்போது தலா ரூ.1.525 வரும். இரண்டையும் ரூ.1.53 என முழுமையாக்கினால், சீட்டின் கூட்டுத்தொகை ரூ.20.01 ஆகிவிடும். ஒரு சீட்டில் ஒரு பைசா பெரிதல்ல. எனினும், நாளொன்றுக்கு ஆயிரக்கணக்கான சீட்டுகள் வழங்கப்படும் இடத்தில், வங்கிக்கு வந்த தொகையும் வரிக் கணக்கும் ஒத்துப்போகாமல் கணக்குப் பிரிவு திணறும். இதைத் தவிர்க்க, 'முழுமையாக்கல்' என்ற தனி வரியைச் சீட்டில் சேர்ப்பது வழக்கம்.

இரண்டு விதிகள் மோதினால்?

மாத பாஸ் வைத்திருக்கும் ஒருவரின் மின்சாரக் கார், ஞாயிற்றுக்கிழமை வருகிறது. பாஸ் விதி, மின்சார வாகன விதி, விடுமுறை நாள் விதி ஆகிய மூன்றும் அதற்குப் பொருந்துகின்றன. எதை முதலில் பார்க்க வேண்டும் என்ற முன்னுரிமை வரிசை இல்லாவிட்டால், சில மென்பொருள்கள் பட்டியலில் முதலில் உள்ள விதியைக் கையாளும். புதிதாக ஒரு வகையைச் சேர்த்தவுடன் பட்டியலின் வரிசை மாறி, நேற்று வரை சரியாக இருந்த தொகை இன்று மாறிவிடும்.

ஆம்புலன்ஸ், தீயணைப்பு வாகனம், மாற்றுத்திறனாளிகளின் வாகனம் போன்றவற்றுக்கு விலக்கு அளிக்கும் இடங்களில், அவற்றைப் பதிவு செய்யாமல் அனுப்பிவிடுவது சரியான முறை அல்ல. 'பூஜ்ஜியக் கட்டணம்' என்ற தனி வகையை உருவாக்கி, ஒவ்வொரு விலக்கையும் பதிவு செய்ய வேண்டும். இல்லையெனில், பணம் வாங்கிக்கொண்டு சீட்டு தராமல் அனுப்பப்பட்ட வாகனத்தையும், உண்மையான விலக்கு பெற்ற வாகனத்தையும் பின்னர் பிரித்தறிய இயலாது.

கருவியைச் சென்றடைவது வரை

சர்வரில் கட்டணத்தை மாற்றியதும் பணி முடிந்துவிடுவதில்லை. கையடக்கக் கருவிகள் கைப்பேசி வலைப்பின்னல் வழியே இயங்குகின்றன. நிலத்தடி நிறுத்துமிடத்தில் சிக்னல் கிடைக்காத கருவி, பழைய கட்டணத்தையே காட்டிக்கொண்டிருக்கும். ஒரே இடத்தின் இரு வாயில்களில் இரு தொகைகள் கேட்கப்படுவதற்கு இதுவே பெரும்பாலும் காரணமாகிறது. கருவியின் கடிகாரம் சில நிமிடங்கள் முன்பின்னாக இருந்தாலும், கட்டணம் மாறும் நேரத்தில் இதே குழப்பம் ஏற்படும்.

இதற்கான தீர்வு எளிமையானது. ஒவ்வொரு கட்டணத் தொகுப்புக்கும் ஒரு பதிப்பு எண் அளித்து, எந்தக் கருவி எந்தப் பதிப்பில் உள்ளது என்பதை மைய அலுவலகம் கண்காணிக்க வேண்டும். புதிய தொகுப்பை முன்னதாகவே அனுப்பி, குறித்த நேரத்தில் அது தானாக நடைமுறைக்கு வரும்படி அமைக்கலாம். கட்டணத்தை மாற்றுபவர் ஒருவராகவும், அதைச் சரிபார்த்து ஒப்புதல் அளிப்பவர் வேறொருவராகவும் இருப்பது பாதுகாப்பானது. ஒப்புதலுக்கு முன், சில மாதிரிக் கணக்குகளைக் கையால் போட்டுப் பார்த்து, கருவி காட்டும் தொகையுடன் ஒப்பிட வேண்டும். ஒரு நிமிடம் நின்ற கார், மணி எல்லையைச் சில நிமிடங்கள் கடந்த கார், நள்ளிரவைத் தாண்டி நின்ற கார், கட்டணம் மாறும் நேரத்தில் உள்ளே இருந்த கார், பாஸ் உள்ள கார் ஆகிய ஐந்தைச் சோதித்தாலே பெரும்பாலான பிழைகள் வெளிப்பட்டுவிடும்.

வாகன ஓட்டிகள் கவனிக்க வேண்டியவை

சீட்டில் நிறுத்துமிடத்தின் பெயர், வாகன எண், வாகன வகை, நுழைவு மற்றும் வெளியேறும் நேரம், தொகை ஆகியவை உள்ளனவா எனப் பார்ப்பது நல்லது. வரி வசூலிக்கப்பட்டிருந்தால், வரி எண்ணும் வரித் தொகையும் தனியாகக் குறிப்பிடப்பட்டிருக்க வேண்டும். நுழைவாயிலில் உள்ள கட்டணப் பலகையைக் கைப்பேசியில் படம் எடுத்து வைத்துக்கொண்டால், பின்னர் தொகையில் வேறுபாடு ஏற்படும்போது அது சான்றாக அமையும்.

ஃபாஸ்டேக் மூலம் செலுத்துவோர் கூடுதல் கவனத்துடன் இருக்க வேண்டும். வாகனம் வெளியேறும்போதே தொகை கழிக்கப்பட்டுவிடுவதால், பிழை இருந்தால் வாயிலிலேயே கேட்கும் வாய்ப்பு குறைவு. குறுஞ்செய்தியில் வரும் தொகையை உடனே சரிபார்த்து, தவறு இருப்பின் நிறுத்துமிட நிர்வாகத்திடமும், ஃபாஸ்டேக் வழங்கிய வங்கியிடமும் முறையிடலாம். தீர்வு கிடைக்காதபோது, தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-ஐத் தொடர்புகொண்டு புகார் அளிக்கலாம்.

அவ்வாறு புகார் அளிக்கும்போது, 'ஊழியர் அதிகம் வாங்கினார்' என்று மட்டும் கூறாமல், நுழைந்த நேரம், வெளியேறிய நேரம், வாகன வகை, கேட்கப்பட்ட தொகை ஆகிய நான்கையும் குறிப்பிடுவது பயன் தரும். தவறு ஊழியருடையதா, மென்பொருளில் பதிவான விதியினுடையதா என்பதை அந்த நான்கு விவரங்களைக் கொண்டே கண்டறிய முடியும். விதியில் தவறு இருந்தால், அதைத் திருத்துவது புகார் அளித்தவருக்கு மட்டுமன்றி, அதே வாயிலைக் கடக்கும் ஒவ்வொரு வாகனத்துக்கும் பொருந்தும் என்பது குறிப்பிடத்தக்கது.